ஐந்து சிவப்புச் சக்கரங்கள்

மறைமலைநகரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், தேறாத பாகத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, ஏன் தேறவில்லை என்று எழுதிய சீட்டைக் கம்பியில் கட்டி, தனித் தொட்டியில் போட வேண்டும். வெளியாட்கள் சோதனைக்கு வரும் அன்று மட்டும் அந்தத் தொட்டியைக் கண்ணில் படாமல் தள்ளிவைத்துவிடுவோம். பதினோரு வருடப் பழக்கம். வீட்டிலும் அதையேதான் செய்தேன்.

என் நாத்தனார் மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டலும் மாங்காயும் விற்கிறாள். தலையில் சுமந்து சுமந்து கழுத்து வலி. எந்தத் தள்ளுவண்டியும் மணலில் உருளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பிளாஸ்டிக் பீப்பாயை அறுத்து, ஒற்றைச் சக்கர வண்டிக்கு நான் சக்கரம் செய்து பார்த்தேன். ஐந்து தேறவில்லை; சிவப்பு அடித்துச் சீட்டுக் கட்டினேன். ஆறாவது உருண்டது.

அவளிடம் வாடிக்கையாக மாங்காய் வாங்கும், கட்டட வரைபடம் போடுகிற ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, வடிவமைப்பு விருது ஒன்றுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். நாற்காலி, புடவை, கட்டடம், போன் செயலி எல்லாவற்றுக்கும் பொதுவான விருதாம். 'தொடக்கத்திலிருந்து செய்த எல்லாவற்றையும் கொண்டு வரவும்' என்று கடிதம் வந்தது. பத்துத் தடவை படித்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை இங்கிலீஷில் கேட்டால்? வண்டி கவிழ்ந்தால்? கம்பெனியில் தெரிந்து சிரித்தால்?

விருதுக்காரர்கள் வரச்சொன்ன கடற்கரை ஓட்டலுக்கு, நாத்தனாரையும் ஏற்றிக்கொண்டு, என் வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவில் போனோம். மண்டபம் பளபளவென்று இருந்தது. பார்த்ததும் சிவப்புச் சக்கரங்களை ஆட்டோவிலேயே சாக்குப் போட்டு மூடிவிட்டு, வண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு போனேன்.

நடுவர்கள் மூன்று பேர். வயதானவர் வாசல் மணலில் வண்டியைத் தள்ளிப் பார்த்தார். நன்றாகவே உருண்டது. "இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் எங்கேம்மா?" என்றார்.

சோதனை நாளில் பழகிய வாய். "ரிஜெக்ட் ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அவர் முகம் வாடியது. "எப்படி செஞ்சு வந்தீங்கங்கறதுக்குத்தான்மா பாதி மார்க்கு. அது இல்லாம என்ன பண்றது?"

பின்னாலிருந்து நாத்தனார், "இன்னா அண்ணி, பூசி மெழுகிக்கினு கீற? அஞ்சும் ஆட்டோலதான கீது. இரு சார், எடுத்தாரேன்" என்று போய்விட்டாள்.

சக்கரங்கள் தரைவிரிப்பில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. அவர் சம்மணம் போட்டு, சீட்டுகளை உரக்கப் படித்தார். 'அகலம் பத்தாது, புதைகிறது.' 'ஈர மணலில் சரி, காய்ந்த மணலில் இல்லை.' 'வழவழப்பு, சுற்றாமல் சறுக்குகிறது.' 'மேட்டில் கவிழ்ந்தது, சுண்டல் போச்சு.' 'சத்தம். நாய் துரத்துகிறது.'

"தொரத்துனது என்னிய" என்றாள் நாத்தனார். "அத்தையும் எழுதி வச்சிக்கிறியா நீ?"

மூவரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்களோ என்று நாத்தனாரைப் பார்த்தேன். அப்புறம் கேள்விமேல் கேள்வி. எல்லாம் தமிழில், எல்லாம் அந்தச் சீட்டுகளிலிருந்து. ஒன்றுக்குக்கூட நான் திணறவில்லை.

சாயங்காலம் விருதுக்குக் கடைசியாக அழைத்தது என் பெயரை. சக்கரங்கள் ஐந்தையும் மேடையில் ஏற்றச் சொன்னார்கள். நாற்காலி செய்தவர், கட்டடம் கட்டியவர் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சிவப்பை அவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை.

"அழுவாத அண்ணி, போட்டோல மூக்கும் செவப்பா வுழும்" என்றாள் நாத்தனார்.

திரும்பும்போது வீட்டுக்காரர் சக்கரங்களை மூடச் சாக்கை எடுத்தார்.

"வோணாம், அப்டியே கெடக்கட்டும்" என்றேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீடு வரைக்கும் ஐந்தும் எல்லார் கண்ணிலும் படும்படியாக வந்தன.