அக்காவின் வண்டிக்குக் கறுப்புப் பெயிண்ட்

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் அக்காவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கால்கள் இரண்டும் விளங்காமல் போயின. சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த பெண்கள் பள்ளியில் அவள் டீச்சர். கிறிஸ்துமஸ் லீவு முடியும்வரை அவள் இடத்தை வைத்திருப்பதாகத் தலைமைக் கன்னியாஸ்திரீ வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

நான் பஸ் ஷெட்டில் ஃபிட்டர். சைக்கிள் சக்கரங்களையும் இரும்புக் குழாய்களையும் வைத்து, கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றை ஐப்பசியில் செய்து முடித்தேன். அக்கா முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து அழுதாள். அதோடு விட்டிருக்கலாம். துருவும் பற்றவைத்த தழும்பும் தெரிகிற வண்டியில் போனால் தெருவே அவளைப் பரிதாபமாகப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றியது. கார் மாதிரி மின்ன வேண்டும் என்று, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த ஸ்பிரே கன் ஒன்று என்னிடம் இருந்தது. அடித்துப் பழக்கமில்லை. குளியலறையைக் காலி செய்து, தூசி வராமலிருக்கச் சுற்றிலும் நனைத்த கோணிகளைத் தொங்கவிட்டேன். என் மனைவி வெளியே நின்று காற்றுத் தொட்டிக்குக் கால் பம்பை மிதித்தாள். கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் பெயிண்ட் வழிந்தது. எட்டப் பிடித்தால் சாத்துக்குடித் தோல்போலச் சொரசொரத்தது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பேன். ஒரு சாண் தூரம் வேண்டும், கை நகர ஆரம்பித்த பிறகே விசையை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் பிடிபடுவதற்குள் கார்த்திகை மழை வந்துவிட்டது. இப்போது வழியவில்லை. ஆனால் காயக் காயக் கறுப்பின்மேல் வெள்ளையாகப் பூத்தது.

ஷெட் பெயிண்டரிடம் கேட்டேன்.

"இன்னா நைனா, மழையில எவனாவது இத்த அடிப்பானா? காத்துல ஈரம் கீது. வெளுக்கத்தான் செய்யும். தை வரட்டும்."

ஈரக் கோணிகளையும் நான்தானே தொங்கவிட்டிருந்தேன்! அவற்றைக் கழற்றினேன். தூசி ஒட்டியது. திரும்பவும் உப்புத்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று அக்கா சொன்னாள்: "இருக்கிறபடியே பூட்டிக் குடுத்துடு தம்பி. பெயிண்ட் இல்லாட்டி ஓடாதா?"

"பத்து நாள் பொறு அக்கா. இப்பத்தான் கை படிஞ்சிருக்கு."

"நான் ஸ்கூலுக்குப் போகணும்டா."

"பத்தே நாள்."

அவள் பள்ளிக்குக் கடிதம் எழுதி அவகாசம் கேட்டாள். அந்தப் பத்து நாளில் மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் சுரண்டினேன். பொங்கலுக்கு முந்தின நாள் பதில் வந்தது. பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது, வேறு ஒருவரை நியமித்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தையில் வெயில் நன்றாக அடித்தது. முகம் தெரிகிற மாதிரி வந்தது பெயிண்ட். பூட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"நல்லாருக்கு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்தாள். அதன் பிறகு, இனி இதில் நான் எங்கே போகட்டும் என்று கேட்டாள்.