கடைசிக் குழாயில் முதல் டம்ளர்

முனிரத்தினம் இறந்துபோன செய்தி எனக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்தது. காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கப்போகும் நேரம். சத்துணவு சமைக்கும் கன்னியம்மா இடுப்புக் குடத்தைக்கூட இறக்காமல், "டீச்சர், தண்ணிக்காரரு பூட்டாருங்க. நெஞ்ச வலிக்குதுன்னு சொன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் என் மேலேயே. வாசலோரம் மூடி போட்டு அடைத்துக் கிடந்த குழாயைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

திருத்தணி மலைக்குப் பின்பக்கத் தெருக்களில் குடியிருக்கிற நமக்கெல்லாம் அவர் தண்ணிக்காரர்தான். அவர் பெயர் முனிரத்தினம் என்று அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மோட்டார் போடுவது, டேங்கில் பிளீச்சிங் பவுடர் கலப்பது, தெருத்தெருவாக வால்வு திறப்பது அவர் வேலை. அந்த வரிசையில் ஆகக் கடைசிக் குழாய், நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியின் வாசலில் இருந்தது.

தினமும் வால்வைத் திறந்துவிட்டு, சைக்கிளை மிதித்து எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீருக்காகக் காத்திருப்பார். கொஞ்ச நேரம் ஓடவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து, தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டவிட்டு, வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இளமஞ்சள் நிறம் வந்தால் குளோரின் கடைசி வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஹேண்டில்பாரில் தொங்கும் பையிலிருந்து தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து, நிறையப் பிடித்து, ஒரே மூச்சில் குடிப்பார். "ஆங், சரியா கீதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். அந்தக் குழாயில் முதல் டம்ளரை அவர் குடித்தாக வேண்டும். யாரும் போட்ட உத்தரவு இல்லை அது.

"டேங்க்கிட்டயே பாத்துட்டா போதாதா, இவ்வளவு தூரம் மிதிக்கணுமா?" என்று ஒருமுறை கேட்டேன். "பொறந்த வூட்ல பொண்ணு நல்லாத்தாங்க இருக்கும். போன வூட்ல எப்படி கீதுன்னுதான பாக்கணும்" என்றார்.

குழாய்த் தண்ணீர் எப்போதும் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அவரே அப்படிச் சொன்னதில்லை. ரோடு தோண்டியவர்கள் பைப்பை உடைத்து, சாக்கடை கலந்த அன்று அவர்தான் வால்வை மூடிவிட்டு, தொண்டை கட்டும் வரை தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். "இன்னிக்கு யாரும் குடிக்காதீங்க, புடிச்சி வச்சத கீழ ஊத்திடுங்க." அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். பார்த்தியா, அவனே சொல்றான் குழாத்தண்ணி ஆவாதுன்னு, என்றவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்கிறேன், எந்தப் பாட்டில் கம்பெனிக்காரன் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, இன்றைக்கு என் தண்ணீரைக் குடிக்காதே என்று சொல்லியிருக்கிறான்? சொன்ன மனிதனை நம்பவில்லை, சொல்லாதவனை நம்பினோம். நமக்கு மூளை அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலையடிவாரத்தில் ஒரு குழாயும் நாலைந்து டம்ளரும் வைத்துக்கொண்டு முனிரத்தினம் நின்றார். நானும் கூட இருந்தேன். மொட்டை வெயில். காரில் வந்த ஒருவர் டம்ளரை வாங்கி உதடுவரை கொண்டுபோய்விட்டு, "இது என்ன தண்ணி?" என்று கேட்டார். "குழா தண்ணிங்க." அவ்வளவுதான், ஏதோ செத்த எலியைத் தொட்டவர்போல டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதிர்க்கடையில் காலையிலிருந்து வெயிலில் அடுக்கி வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை வாங்கி மடமடவென்று குடித்தார். முனிரத்தினம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூடி மேல சீல் கீதாம் டீச்சர். சீலு இன்னா, தண்ணிய கழுவுதா?" அவரால் சிரிக்க முடிந்தது. எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது.

ஆனால் அந்தக் கார்க்காரரை ஏசுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வாந்தியும் பேதியும் ஆனது. பள்ளிக்கூடத் தண்ணீரால்தான் என்று பெற்றோர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கூட்டம் போட்டேன். நம் ஊர்த் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கான கூட்டம் அது. மேஜையில் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்தது சாட்சாத் நான்தான். அதில் இருந்த அசிங்கம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முனிரத்தினம் குப்பியும் டம்ளருமாக வந்தார். வாசல் குழாயில் பிடித்து, எல்லோர் முன்னாலும் மருந்தைச் சொட்டவிட்டு, மஞ்சளைக் காட்டி, குடித்தும் காட்டினார். முன்வரிசையில் ஒருவர் பாட்டில் மூடியைத் திருகினார். உடனே டம்ளரைக் கழுவி, மறுபடி நிறைத்து, என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிங்க டீச்சர். நீங்க குடிச்சா இவங்க நம்புவாங்க."

ஒவ்வொரு நாள் காலையும் அவர் குடிப்பதைப் பார்த்தவள் நான். அந்தக் குழாயில் எத்தனையோ நாள் குடித்தவளும்கூட. ஆனால் எதிரே அத்தனை முகங்கள். "வைங்க முனிரத்தினம், அப்புறம் குடிக்கிறேன்" என்றேன். அவர் டம்ளரைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கூட்டம் முடிகிற வரை அது அங்கேயே இருந்தது.

மறுநாளே பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைக் கழற்றி, முனையை அடைத்தேன். கேன் தண்ணீர் வந்தது. வழக்கம்போல வந்த முனிரத்தினம் அடைத்த முனையைப் பார்த்தார். நான் பெற்றோர், மேலிடம், பொறுப்பு என்று ஏதேதோ அளந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் எங்க போயி குடிக்கிறது டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு முந்தைய தெருக் குழாய்க்குப் போனார். எங்கள் வாசலுக்கு அதன்பின் அவர் வரவே இல்லை.

அந்தப் பையன் முந்தின நாள் விருந்தில் மிஞ்சிய கறிக்குழம்பைத் தின்றிருந்தான் என்று அவன் அம்மாவே பிறகு வந்து சாவகாசமாகச் சொன்னாள். கேனின் அடியில் பாசி வழுக்குவதைக் கன்னியம்மா என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். வேறு கேன் கேட்டு போன் செய்தேனே தவிர, குழாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூடியது தப்பு என்றாகிவிடுமே. இந்த வறட்டு ஜம்பம்தான் அவரை என் வாசலுக்கு வராமல் செய்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். இலைக்கு ஒரு குட்டி பாட்டில் வைத்திருந்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படத்துக்கு முன்னால் படையலைப் பார்த்தேன். வடை, பாயசம், வெற்றிலைபாக்கு, நடுவில் மூடி திருகாத ஒரு பாட்டில். ஊருக்கே தண்ணீர் விட்டவருக்கு!

"தம்பி, இது யாரு வச்சது?" என்று மகனைக் கேட்டேன். அரக்கோணம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை.

"நான்தாங்க டீச்சர். நைனாவுக்கு நல்ல தண்ணியா வைக்கலாம்னு."

என் வாய்வரை கெட்ட வார்த்தையே வந்துவிட்டது. அதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அலமேலு தலையைத் தூக்கினார். "எடுத்துட்றா அந்த பாட்டில. அந்த மனுசன் ஒரு நாளும் அத்த தொட்டதில்ல." பிறகு அலமாரியிலிருந்து அந்த எவர்சில்வர் டம்ளரையும் குப்பியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே போயி புடிச்சிகினு வாங்க டீச்சர். கடைசி குழா உங்க வாசல்லதான கீது. அதுல குடிச்சாத்தான் அவருக்கு அன்னிக்கு வேல முடிஞ்ச மாதிரி."

கடைசிக் குழாய் அடைத்துக் கிடப்பதை முனிரத்தினம் தன் வீட்டில் சொல்லவே இல்லை. என்னை விட்டுக்கொடுக்காமலே போயிருக்கிறார்.

பந்தியில் புதிய தண்ணிக்காரரும் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, இலையை விட்டு எழுந்தார். "வாங்க டீச்சர், ஸ்பேனர் சைக்கிள்லயே கீது. வால்வையும் தொறந்துட்டுப் போலாம்." சோறு பரிமாறாமல் இலைகள் காத்திருந்தன. பள்ளி வாசலில் மூடியைக் கழற்றியதும் முதலில் காற்றுதான் வந்தது. பிறகு துருத் தண்ணீர். முனிரத்தினம் செய்வதுபோலவே தெளியும்வரை ஓடவிட்டேன். குப்பியில் பிடித்து, புதியவர் கொடுத்த மருந்தைச் சொட்டவிட்டு வானத்துக்கு நேராகப் பிடித்தேன். மஞ்சள். டம்ளர் நிறையப் பிடித்து முதலில் நான் குடித்தேன். கழுவி, மறுபடி நிறைத்து, சிந்தாமல் நடந்து வந்து படத்துக்கு முன்னால் வைத்தேன். அதன் பிறகுதான் பரிமாறினார்கள்.

டம்ளரை அலமேலு திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. முனிரத்தினத்திடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். இப்போது கேன் வருவதில்லை. தினமும் மணி அடிப்பதற்கு முன், பிள்ளைகளும் வாசலில் நிற்கிற பெற்றோரும் பார்க்கும்படி, கடைசிக் குழாயில் முதல் டம்ளரை நான் குடிக்கிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் குடிக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, முனிரத்தினம். குடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வாய் குடித்திருக்கலாம்.