கோதண்டராமன் கூரை ஏறிய நாள்

பெங்களூர் பொம்மசந்திராவில் இரும்புத் தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சங்கமித்ரா சேஃப்டி ஆபீசர். ஐடி கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. கேன்டீன் வரிசையிலும் கம்பெனி பஸ்ஸிலும் பதினோரு வருஷமாக அவளுக்கு வேறொரு பெயர்: 'குடிச்சிட்டு விழுந்தவன் தங்கச்சி'. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் தட்டைக் கழுவத் திரும்பும்போது சொல்வார்கள்.

அவன் குடிக்கவில்லை! சர்ச்சில் கொடுக்கும் ஒரு சொட்டு வைனைத் தவிர அந்த வாய்க்குள் எதுவும் போனதில்லை, அதுவும் கல்யாணமான பிறகு மனைவி ஹெலனுக்காக. தாஸ் அந்தக் கம்பெனியின் எலக்ட்ரீஷியன், சங்கமித்ராவின் அண்ணன். அப்பா கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கி முப்பது வருஷம் வேலை செய்து, கை கால் முழுசாக வீடு திரும்பியவர். மகன் இருபத்து நாலு அடி உயரத்திலிருந்து விழுந்து செத்தான்.

எப்படி விழுந்தான்? ஆயுத பூஜை வந்தால் பெங்களூர்க் கம்பெனிகளுக்குப் பெயிண்ட் பைத்தியம் பிடிக்கும். மெஷினுக்கு, ஃபேனுக்கு, தள்ளுவண்டிக்கு, அசையாமல் நிற்கிற எதற்கும் பெயிண்ட். அந்த வருஷம் ஓனர் மூன்றாம் மாடியில் புது கேபின் கட்டியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் ஷெட்டின் கூரை. தகரத்துக்கு நடுவே நடுவே, உள்ளே வெளிச்சம் விழுவதற்காகப் போட்ட ஃபைபர் ஷீட்டுகள் ஒட்டுப் போட்ட லுங்கி மாதிரி தெரிந்தன. ஃபைபர் ஷீட் ஆள் கனம் தாங்காது. கூரை ஏறுகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் அதை விலக்கி நடப்பார்கள். அப்போது மெயின்டனன்ஸ் மேனேஜராக இருந்த கோதண்டராமன், ஓனர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமென்று, "எல்லாத்துக்கும் சேத்து அடிங்கப்பா, ஒரே வெள்ளையா தெரியட்டும்" என்றார். ரெண்டு கோட் அடித்தார்கள். மறுநாள் சீரியல் விளக்கு கட்ட தாஸை மேலே அனுப்பினார். பெல்ட் கொக்கி மாட்ட மேலே ஒரு கம்பிகூடக் கிடையாது. ஆறு வருஷம் கண்ணை நம்பி நடந்த மனிதன், எங்கே பார்த்தாலும் வெள்ளையாக இருந்த கூரையில் பத்தாவது எட்டில் கீழே போனான். கீழே பிரஸ் மெஷின் இருந்தது.

மறுநாள் காலை ரத்தத்தைக் கழுவிவிட்டு அதே பிரஸ்ஸுக்குச் சந்தனம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார்கள், பாவிகள். நாலாம் நாள் கோதண்டராமன் ரிப்போர்ட் எழுதினார்: தொழிலாளி குடிபோதையில் ஏறியுள்ளார். போஸ்ட்மார்ட்டத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. ஆனால் போஸ்ட்மார்ட்டத்தை யார் படிக்கிறார்கள்? வாய்ப் பேச்சுதானே ஊரெல்லாம் போகிறது! சந்தாபுராவில் ஹெலன் சர்ச்சை மாற்றினாள், வீட்டை மாற்றினாள், அந்தப் பேச்சு பின்னாலேயே போனது. எழுதிய ஆள் ஆறே மாதத்தில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அண்ணனுக்குப் பதிலாகத் தங்கைக்கு பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது இருபது வயது. வாங்கிக்கொண்டாள். சோற்றுக்காக மட்டும் இல்லை. அந்தக் கூரை தன் கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். ஷிஃப்ட் முடிந்து தொழிற்பாதுகாப்பு டிப்ளமா படித்தாள். மனிதனை விழாமல் தடுப்பது முதல் வேலை, விழுந்தபின் பிடிப்பது கடைசி வேலை என்று புத்தகத்தில் படித்தபோது, அந்தப் பக்கத்தை வெகு நேரம் திருப்பாமல் வைத்திருந்தாள். பழைய கட்டட வரைபடத்தைத் தேடி எடுத்து, பெயிண்டுக்கு அடியில் எங்கெங்கே ஃபைபர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு. தாஸ் விழுந்தது பதினேழாவது; அங்கே புது ஷீட் போட்டு, அதற்கும் வெள்ளை அடித்திருந்தார்கள்.

போன வருஷம் கூரையில் சோலார் பேனல் வைக்க முடிவானது. மேலே ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். புது பிளான்ட் ஹெட் ஸ்ரீஹர்ஷா, "விழாம இருக்க என்ன வேணுமோ நீங்களே செலக்ட் பண்ணுங்க மேடம், மூணு பேர்ட்ட கொட்டேஷன் வாங்குங்க" என்றார். மூன்றாவதாக வந்த கொட்டேஷனின் அடியில் கையெழுத்து: கோதண்டராமன், கூரைப் பாதுகாப்பு ஆலோசகர்.

ஆலோசகராம்! சங்கமித்ரா பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டு, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து முகம் கழுவி வந்து போன் போட்டாள்.

"சார், உங்க சிஸ்டத்த மேலயே செட் பண்ணி ஒரு டெமோ குடுக்க முடியுமா?"

"தாராளமா மேடம்!"

மற்ற இரண்டு பேரும் ஓரத்துக்குக் கைப்பிடி வேலி, ஃபைபர் மேல் இரும்பு வலைச் சட்டம், நடக்கத் தனிப் பாதை என்று போட்டிருந்தார்கள். கோதண்டராமன் போட்டிருந்தது கூரை உச்சியில் நீளமாக ஒரே ஒரு வயர் ரோப், இரும்புக் கயிறு. இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியது. மற்றதெல்லாம் வீண் செலவு என்று எழுதியிருந்தார். அவள் வாதாடவே இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று நாளைக் குறித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கோதண்டராமனுக்குத் தொப்பை வைத்திருந்தது, தலைக்குச் சாயம் அடித்திருந்தார். அவள் கழுத்தில் எஸ். மித்ரா என்ற கார்டைப் பார்த்தும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் கையில் ஒரு வாக்கி டாக்கி, அவர் தோளில் ஒன்று. நாலு ஷெட்டிலும் சூப்பர்வைசர்களிடம் அதே லைனில்தான் வாக்கி இருந்தது. அவர் ரோப்பில் கொக்கி மாட்டி, உச்சியோடு இருபது அடி நடந்து காட்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரும்பிக் கையசைத்தார்.

"சூப்பர் சார்" என்றாள் ஏணி மேடையிலிருந்து. "பேனல் வரப்போறது கீழ்ச் சரிவுல. கொஞ்சம் இறங்கிக் காட்டுங்க."

இறங்கினார். நாலு எட்டு வைத்திருப்பார்.

"சார், அசையாதீங்க! உங்க பக்கத்துல ஃபைபர் ஷீட்."

கோதண்டராமன் தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். "எந்தப் பக்கம்?"

"தெரியலயே சார். மேல பெயிண்ட் அடிச்சு வச்சுக்கீறாங்க."

"எந்த முட்டாள் ஃபைபர் மேல…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார். கூரை வெயிலில் ஒரே வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. பிறகு அவளைப் பார்த்தார். இந்த முறை நன்றாகவே பார்த்தார்.

"நீ… தாஸ்…"

"தங்கச்சி. வாங்க சார், நடந்து வாங்க. கொக்கிதான் மாட்டிக்கீறீங்களே, போதும்னு எழுதிக் குடுத்தீங்களே!"

அவர் நகரவில்லை. ஒரு கையால் பெல்ட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கணக்குச் சொல்லட்டா?" என்றாள். "நீங்க விழுந்தா உங்க வயர் ரோப் மூணு அடி தொய்யும். பெல்ட்டுக் கயிறு ஆறு அடி. அதிர்ச்சி தாங்குற மடிப்பு பிரியறதுக்கு நாலு அடி. உங்க ஒசரம் ஆறு. காலுக்குக் கீழ மூணு அடி மிச்சம் வேணும். ஆகமொத்தம் இருபத்திரண்டு அடி. கூரையிலேருந்து பிரஸ்ஸோட தலை பதினஞ்சாவது அடியிலயே இருக்குது. ரோப்பு உங்களப் புடிக்கிறதுக்கு முன்ன பிரஸ் புடிச்சுக்கும். எங்க அண்ணனப் புடிச்சுச்சே, அதே பிரஸ்."

"மேடம்… அம்மா… ஒரு பலகை போடச் சொல்லும்மா."

"போடறேன். வாக்கியில பட்டன அழுத்தி, அன்னிக்கு என்ன நடந்துதுன்னு சொல்லுங்க."

மண்டை வெடிக்கும் வெயில். கீழே முற்றத்திலிருந்து ஸ்ரீஹர்ஷா அண்ணாந்து பார்த்து என்னவென்று கேட்டார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கோதண்டராமனின் கட்டைவிரல் பட்டனில் இரண்டு முறை வழுக்கியது.

"நான் கோதண்டராமன் பேசறேன்" என்று நாலு ஷெட்டிலும் அவர் குரல் கேட்டது. "தாஸ்… தாஸ் குடிக்கல. ஃபைபருக்கு பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். ரிப்போர்ட்ல பொய் எழுதினேன்."

ஷெட்டுகளில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"மூணாவது ஷெட்டுல சரியா கேக்கலயாம். இன்னொரு வாட்டி."

சொன்னார்.

"இப்ப கன்னடத்துல. பாதிப் பேருக்குத் தமிழ் வராது."

"தாஸ் குடிதிர்லில்ல" என்றார் கோதண்டராமன். அழுதுகொண்டே, தப்பு தன்னுடையதுதான் என்று, "தப்பு நந்து" என்றார்.

பதினோரு வருஷம் நெஞ்சில் கிடந்து எரிந்தது இப்போது அணைந்திருக்க வேண்டும் அல்லவா? அணையவில்லை. இன்னும் வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அந்த ஆளை ஆயுத பூஜை வரைக்கும் அங்கேயே நிறுத்தி வைக்கலாமென்று இருந்தது. பழைய ஆள் நாகேஷ், கேன்டீனில் அந்தப் பெயரை முதலில் சொன்னவன், ஷெட் வாசலில் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவனையும் மேலே ஏற்றலாமென்று இருந்தது.

துப்பட்டாவுக்குள் வைத்திருந்த போனை எடுத்தாள். ஆரம்பத்திலிருந்தே அதில் ஹெலன் லைனில் இருந்தாள்.

"அண்ணி, கேட்டுச்சா?"

சந்தாபுராவிலிருந்து ஹெலன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"எங்க நின்னுகினு இருக்கான்?" என்றாள் பிறகு.

"பதினேழாவது ஷீட்டுக்குப் பக்கத்துல. ஒரு எட்டு தள்ளி வச்சான்னா போச்சு."

"கீழ வலை கட்டிக்கீறியா?"

சங்கமித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். வலை கூரைக்கு அடியிலேயே, ஷீட்டை ஒட்டி, இருந்தது. அவளேதான் நேற்று ஷிஃப்ட் முடிந்ததும் நின்று கட்ட வைத்தாள். அதற்கு முன் பத்து நாள் அதை ஸ்டோரில் சுருட்டி வைத்துக்கொண்டு, கட்டுவதா வேண்டாமா என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கட்டிக்கீறேன் அண்ணி."



"எதுக்குடி கட்டுன?" என்றாள் ஹெலன்.