லூட்டுன்னா என்ன சார்?

மொழிபெயர்ப்புங்கிறது ரெண்டு பக்கமும் திட்டு வாங்குற தொழில். பார்த்தவங்களுக்கு நான் சொல்லாமலே புரியும். சுனாமிக்கு அடுத்த மாசம், மரக்காணம் பக்கம் நிவாரணம் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ராபர்ட்டுக்கு நான்தான் வாடகை நாக்கு.

லாரி நின்னதும்

குப்பத்துக்கு அரிசி, துணி, பக்கெட்டோட லாரி வந்துச்சு. டோக்கன் கொடுத்து வரிசையில நிறுத்தணும்னு ராபர்ட் பிளான். எஞ்சின் அணையறதுக்குள்ள ஆளுங்க ஏறி, மூட்டைங்களை இறக்கி, தலையில வெச்சிக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாங்க. ராபர்ட் முகம் சிவந்து "லூட்! லூட்!"னு கத்தினார். கொள்ளையடிக்கிறீங்கன்னு சொல்றாருங்கன்னு, குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஏழுமலை நாட்டார்கிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபமே படல.

"ஏம்பா, இதெல்லாம் யாருக்குன்னு கொண்டாந்தாராம்? கேட்டுச் சொல்லு."

கோயில் வாசல்ல

அந்த ஊர் வழக்கம், எது வந்தாலும் முதல்ல கோயில் வாசலுக்குப் போவணும். அங்க பிரிச்சு, குடும்பத்துக்கு ஒரு பங்கு. போட்டுக்காரனுக்கும் புருஷன் இல்லாதவளுக்கும் ஒரே அளவு. அந்த நேரத்துல அங்க நிக்கிற விருந்தாளிக்கும் உண்டு. ராபர்ட் கையில ஒரு பக்கெட்டும் பூப்போட்ட நைட்டியும் வந்து விழுந்துச்சு!

ஆனா மனுஷன் அதுக்குள்ள ஆபீஸுக்கு போன் போட்டு 'லூட்'னு சொல்லிட்டார். பின்னாடி வலை ஏத்திக்கிட்டு வந்த லாரி திண்டிவனத்தோட திரும்பிடுச்சு. வலை இல்லாம கடலுக்கு எப்படிப் போறது? சொன்னதை மாத்திச் சொல்லுங்க சார்னு கெஞ்சினேன்.

"ரிப்போர்ட் போயிடுச்சு, இனிமே மாத்த முடியாது."

உப்பளத்துல

அடுத்த வாரம் உப்பளம் வழியா ஜீப்புல போனோம். வீடு போனவங்களுக்குன்னு நாங்க கொடுத்தனுப்பின நீலத் தார்ப்பாய் எல்லாம் ஒரு முதலாளியோட உப்புக் குவியலை மூடிக்கிட்டு ஜம்முனு கெடந்துச்சு. டெம்போவுல வந்து இறங்குச்சாம். இதுவும் லூட்தானே சார்னு கேட்டேன். முதலாளி சேர் போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ராபர்ட் அதை உறிஞ்சிக்கிட்டே சொன்னார்.

"நோ நோ, இது தற்காலிக ஸ்டோரேஜ்."

கரையில

வலை வராதுன்னு நாட்டார்கிட்ட சொல்ற வேலையும் என் தலையிலதான் விழுந்துச்சு. ராபர்ட் பக்கத்துலேயே நின்னார். ஏன் வராதுன்னு கேட்டார் நாட்டார், சொன்னேன். உடைஞ்சு கெடந்த போட்டைப் பார்த்துக்கிட்டே அவர் பேசினதை, ஒரு வார்த்தை குறைக்காம இங்கிலீஷ்ல சொன்னேன்.

"எங்க வலை, போட்டு, புள்ளைங்கன்னு எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போன கடலைக்கூட நாங்க கொள்ளைக்காரின்னு சொல்லலியே சார்."

ஆக, நான் பார்த்த வரைக்கும் தலையில தூக்கிட்டுப் போனா லூட், டெம்போவுல ஏத்திட்டுப் போனா ஸ்டோரேஜ்.