நேரான எஞ்சின்

என் அக்காவின் புருஷனுக்குப் பட்டப்பெயர் 'பொருத்திடலாம்'. யார் எதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாலும், அது எதோடு சேர வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே "பொருத்திடலாம்" என்பார். முடிதிருத்தும் கடையில் இருக்கும் நாற்காலி அவர் செய்ததுதான். பழைய வேன் சீட்டை இரும்புக் காலில் நிறுத்தியிருக்கிறார். சீட் பெல்ட்டைக் கழற்ற மட்டும் மனசு வரவில்லை. முடிவெட்ட உட்காருகிறவர்கள் பழக்கதோஷத்தில் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

நான் தச்சன். எனக்குக் கோணல் ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிடுவேன். கோணல் பார்க்கும் ரசமட்டம் எப்போதும் என் பையில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டம் பார்க்கத் தெரியாது.

அக்காவுக்கு மேட்டின் மேல் இருக்கும் மருத்துவமனையில் வேலை, சலவைப் பிரிவில். ஈரப் போர்வைகளை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காலையில் மேடேறி நடப்பாள், மாலையில் இறங்கி நடப்பாள். ஊரில் ஓடும் வண்டிகளில் பாதி அத்தானின் கைபட்டவை. அவளுக்கு மட்டும் வண்டி இல்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய பழைய கார், எஞ்சின் இறுகிப்போய்ப் பட்டறைக்குப் பின்னால் நின்றது.

"இரு, அதுல வேற எஞ்சின் வைக்கறேன். ஒருநாள் ஆஸ்பத்திரி கேட்டுக்கே கொண்டு வந்து நிறுத்தறேன். நீ மகாராணி மாதிரி பின்னாடி உக்காந்து வரணும்" என்று அத்தான் ஒருமுறை சொல்லிவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத அக்கா அதைச் சலவைப் பிரிவு முழுக்கப் பரப்பிவிட்டாள். அன்றிலிருந்து "என்னக்கா, கார் வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு, அவள் பெயரே 'கார் அக்கா' ஆகிப்போனது. அங்கே அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தானிடம் அவள் சொன்னாள்: "கடைசி நாள் எல்லாரும் கேட்டுல வந்து நிப்பாங்க. நான் நடந்து போறதைப் பாக்கத்தான் நிப்பாங்க. சும்மா சொல்லி வச்சேன்."

அத்தானுக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே, விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றின் டீசல் எஞ்சினை வாங்கிவந்து பட்டறையில் இறக்கினார். "பொருத்திடலாம்" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

வேனின் எஞ்சினைக் காருக்குள் வைப்பது ஒரு பானையின் மூடியை இன்னொரு பானைக்குப் போடுகிற வேலை. எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகள், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் இரும்புத் தகடு, புகைக்குழாய் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். செய்தபின் எஞ்சினை இறக்கிப் பார்த்து, இடித்தால் தூக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். அத்தானுக்கோ இடுப்புவலி. ஒவ்வொரு தடவையும் சங்கிலி போட்டுத் தூக்க உடம்பு ஒத்துழைக்காது. அதனால் அச்சாக அதே அளவில் மரத்தில் ஓர் எஞ்சின் செய்து தரும்படி என்னிடம் கேட்டார். மரத்துக்குப் பொருந்துவது இரும்புக்கும் பொருந்திவிடும். நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை.

அளவெடுக்கப் போனேன். எஞ்சின் ஒரு ஸ்டாண்டின் மேல், பேருந்தில் தூங்குகிற ஆளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரசமட்டம் வைத்தேன். குமிழ் ஓரத்துக்கு ஓடியது. ஸ்டாண்டைச் செய்தவர் அத்தான். அவர் செய்த எதுவும் நேராக நின்றதில்லை. ஸ்டாண்டுதான் கோணல் என்று எந்தத் தச்சனும் முடிவு செய்திருப்பான். நீளம், அகலம், உயரம், ஒவ்வொரு துளை எல்லாவற்றையும் நூல் பிசகாமல் எடுத்தேன். சாய்வை மட்டும் நிமிர்த்தினேன். மரம் நல்ல மரமாக அமைந்துவிட்டதால் வார்னிஷும் அடித்தேன்.

அத்தான் அசந்துபோனார். "நிஜத்தைவிட அழகா இருக்குடா மச்சான்" என்று தடவிப் பார்த்தார். நிஜம் சாக்கு போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்ப்பார். அட்டையைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டு அறுப்பார். துளையிட்டு, அரம் போட்டு, மர எஞ்சினை ஒரு கையால் தூக்கி உள்ளே வைப்பார். ஒரு மயிரிழை இடித்தாலும் மறுபடி அரம். கடைசியில் மர எஞ்சின் தொட்டிலில் பிள்ளை மாதிரி உள்ளே உட்கார்ந்தது. வாழ்நாளில் அவர் நேராகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அக்காவின் கடைசி நாளுக்கு முந்தின நாள் நிஜ எஞ்சினைச் சங்கிலியில் கட்டி இறக்கினோம். இடது பக்கம் பிராக்கெட்டில் உட்காராமல் அந்தரத்தில் நின்றது. வலது பக்கம் ஸ்டியரிங் கம்பியில் போய் முட்டியது. தகட்டின் துளைகளில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. ஸ்டாண்டே இல்லாமல், சங்கிலியில் தொங்கும்போதும் அது சாய்ந்துதான் தொங்கியது. கம்பெனியிலேயே அதைச் சாய்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

"எஞ்சின் கோணல் அத்தான்" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! நீ எஞ்சினையே கோணல்ங்கறியேடா!"

"நீங்களே மட்டம் வச்சுப் பாருங்க."

அவர் மட்டம் வைத்துப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு எல்லாரும் கேட்டுல நிப்பாங்களேடா" என்றார். எங்கள் முன்னால் கார் நின்றது. அதற்குப் பொருந்துகிற எஞ்சின் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வார்னிஷ் மின்னியது.

"கேட்டுல இருந்து வீடு வரைக்கும் இறக்கம்தானே அத்தான்?" என்று கேட்டேன்.

மர எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பொருத்திடலாம்" என்றார்.

மறுநாள் தெரிந்த தண்ணீர் லாரியின் பின்னால் காரைக் கயிறு போட்டுக் கட்டி, பின்பக்கச் சாலை வழியாக மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே கயிற்றை அவிழ்த்துவிட்டு, சத்தமில்லாமல் உருண்டுவந்து கேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்றோம். சலவைப் பிரிவு மொத்தமும் அங்கே இருந்தது. அக்கா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக இன்னொரு எஞ்சின் செய்து தரலாம்.

"நீங்க செஞ்ச எஞ்சினைக் காட்டுங்க" என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் அத்தான் பானெட்டைத் தூக்கினார்.

"மரமா இருக்கே?" என்றாள் ஒருத்தி.

மருத்துவமனையின் பாய்லர்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். "புதுசா வந்திருக்கு. சத்தமும் வராது, புகையும் வராது" என்று சொல்லி, பானெட்டைத் தானே மூடினார். அந்த மனிதருக்கு நான் கடைசிவரை கடன்பட்டவன்.

அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள், நான் முன்னால் உட்கார்ந்தேன். அத்தான் பிரேக்கை விட்டார். எல்லோரும் கைதட்ட, கார் தானாகவே இறங்கத் தொடங்கியது.

"சத்தமே இல்லையே" என்றாள் அக்கா.

"நல்ல எஞ்சின்" என்றார் அத்தான்.

பேருந்து நிறுத்தத்தருகே கார் வேகம் குறைந்து, தயங்கி, நின்றேவிட்டது. அந்த இடத்தில் சாலை கொஞ்சம் ஏறுகிறது. நானும் அத்தானும் எத்தனையோ தடவை அந்த வழியாக வண்டியில் போயிருக்கிறோம், கவனித்ததே இல்லை.

"இங்க சின்ன மேடு. பையைக் கை மாத்தற இடம்" என்றாள் அக்கா. நடந்தவளுக்குத்தானே தெரியும். அத்தான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அதற்குள் சலவைப் பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போக அவர்களுக்கும் அதே வழிதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. பைகளைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு, ஈரப் போர்வை வண்டி தள்ளிப் பழகிய கைகளால் தள்ளத் தொடங்கினார்கள். நானும் இறங்கினேன். அக்காவும் கதவைத் திறந்தாள்.

"நீ எதுக்கு எறங்கற?" என்றார் அத்தான்.

"என் காரை நான் தள்ளாம? நீங்க எறங்காதீங்க, இடுப்பு வலி. நேராப் புடிங்க, போதும்."

மேடு தாண்டியதும் கார் எங்கள் கையை விட்டு ஓடிவிட்டது. கூரைமேல் பைகள் குலுங்க, அத்தான் மட்டும் தனியாக உள்ளே இருக்க, நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். அக்கா அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஓடினாள். இந்தத் தடவை அது நிஜச் சிரிப்பு.

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். "என்னம்மா, கார் ஓடுதா?" என்றார்.

அக்கா மூச்சு வாங்கினாள். உள்ளே ஸ்டியரிங்கை விடாமல், கண் கலங்கி உட்கார்ந்திருந்த அத்தானைப் பார்த்தாள். "ஓடுதே. அவர்தான் ஓட்டிட்டு வந்தார். நான் மகாராணி மாதிரி பின்னாடி உக்காந்து வந்தேன்" என்றாள்.

வேர்வை வழிய, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவள் பேசுகிற பேச்சா அது? அப்பட்டமான கோணல். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. நானும் நிமிர்த்தவில்லை.