நல்லம்மாவைப் பாட்டில் போட்டவன் என்னை விட்டுவிட்டான்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், பாதி வருடம் உறைந்து கிடக்கும் ஓர் ஏரிக்கரையில் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெற்றோல் செட். அதோடு ஒட்டினாற்போல் ஒரு கராஜ். பக்கத்தில் சாப்பாட்டுக்கடை. வள்ளங்களைக் கட்டிவைப்பதற்காக ஏரிக்குள் நீளும் மர ஜெட்டி. அதன் ஒவ்வொரு கட்டையையும் என் கையால் இறக்கினேன். வங்கிக்காரன் சிரித்தான். ஒரு குளிர்காலம் தாங்கமாட்டான் என்று ஊரில் பந்தயம் பிடித்தார்கள். பந்தயம் பிடித்தவர்களின் பிள்ளைகள் இன்று என் கடையில் கதிரை தேடி நிற்கிறார்கள்.

இவ்வளவும் செய்த எனக்கு இன்னும் பழகாதது ஒன்றுதான்: காலைச் சாப்பாட்டு நேரத்துப் பாட்டு. கடையில் றேடியோ எப்போதும் 'கன்ட்ரி' பாட்டுத்தான். மாடு மேய்த்தவனும் லொறி ஓட்டியவனும் பாடிவைத்த பழைய பாட்டுகள். கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். நானும் போட்டேன். ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் விளங்கியது: ஒருவன் காதலித்தவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீருக்குள் அமுக்குகிறான். இன்னொருவன் தூக்குமரத்தடியில் நின்று தாய்க்கு விடை சொல்கிறான். செத்துப் பல வருடமான ஒருத்தி வாசலில் நின்று புருசனுக்கு விளக்குக் காட்டுகிறாள். முட்டைப் பொரியலைத் தின்றபடியே சனம் கூடச் சேர்ந்து பாடுகிறது. அர்த்தத்தைச் சொன்ன அன்று என் மனுசி குசினிக்குள்ளிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, விடியக் காலமை என்ன இது செத்தவீட்டுப் பாட்டு? நிப்பாட்டுங்கோ!"

"நிப்பாட்டினா சனம் வராதப்பா."

"வாற சனத்துக்குப் பின்னால வேற ஆர் வருகினம் எண்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

அவள் பயத்தில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் சாவில்லாத வீட்டில் ஒப்பாரியை முணுமுணுத்தாலே வாயில் அடி விழும். பாடினால் சாவு கேட்டுக்கொண்டு வரும் என்பார்கள். இங்கே அதைத் தட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள்.

ரசல் என்பவன் லொறி ஓட்டி ஓய்ந்தவன். சனிக்கிழமைகளில் என் கடையில் கித்தாரோடு பாடுகிறவன். ஒருநாள் அவனுடைய லொறிக்குக் கீழே நான் படுத்துக்கிடந்தபோது, "உங்கட ஊரில இப்படிக் கதையள் இல்லையோ, செல்?" என்று சீண்டினான். செல்லத்துரையாகிய நான் அவன் வாயில் வெறும் செல். இல்லையோவா! நல்லம்மாவின் கதையை எடுத்துவிட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிறது நான் பிறந்த இலங்கைத்துறை. களப்பு என்கிற உப்பங்கழியும் கடலும் சேரும் முகத்துவாரம் அங்கே உண்டு. நல்லம்மாவின் புருசன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பின்னேரந்தோறும் அவள் முகத்துவார மணலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு மாரியில் வெள்ளம் மணல்திட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தபோது அவளையும் கொண்டுபோயிற்று. கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. இப்போது அவள் கூப்பிடுவது வள்ளத்தில் வருகிறவனின் பெயரை. ஒரே ஒரு தரம். அதனால்தான் இருட்டுப்படும் மைமல் பொழுதில் கரையிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்களவர்கள் உடனே பதில் சொல்வதில்லை. மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது உயிருள்ள ஆள். அப்போது 'ஓம்' சொல்லலாம். செத்ததுக்கு ஒரு குரல்தான்.

நானே கேட்டிருக்கிறேன். பதினாறு வயதிருக்கும். எங்கள் வள்ளம் முகத்துவாரத்தால் திரும்புகிறது. "செல்லத்துரை" என்று ஒரு பெண்குரல், பக்கத்து வீட்டிலிருந்து உப்புக் கேட்பதுபோல் அவ்வளவு சாதாரணமாக. நான் வாயைத் திறக்குமுன் வள்ளத்தில் மூத்தவரான காசியண்ணையின் மீன்வெடுக்கு நாறும் கை என் வாயைப் பொத்தியது. "மூச்சு விட்டியோ, துடுப்பால பிளப்பன்!" என்றார், காதுக்குள். காத்திருந்தோம். இரண்டாம் குரல் வரவில்லை. கரையில் இறங்கிப் பார்த்தோம். மணலில் ஒரு காலடிகூட இல்லை.

எல்லாவற்றையும் கேட்ட ரசல் கேட்டது ஒன்றுதான். "ஆர் அவளைக் கொலைசெய்தது?"

"ஒருத்தரும் கொல்லேல்ல. தண்ணி."

"பாட்டுக்கு ஒரு கொலைகாரன் வேணும், செல்."

அடுத்த சனிக்கிழமையே பாடினான். நல்லம்மா 'நோர்மா' ஆகியிருந்தாள். முகத்துவாரம் எங்கள் ஏரியாகியிருந்தது. கடலில் செத்த அந்த அப்பாவி, பெண்சாதியைத் தள்ளிக் கொன்றவனாகியிருந்தான். போதாததற்கு அவள் மூன்று தரம் கூப்பிடுகிறாள். "பேய் ஒருக்காத்தான் கூப்பிடும், திருத்து" என்றேன். "ஒருக்காக் கூப்பிட்டா அது பல்லவியாகாது" என்றான். கடையே சிரித்தது. ஆனால் பாட்டுப் பரவப் பரவ, ஏரியில் அவள் குரலைக் கேட்டோம் என்று ஆட்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஏரிப்பக்கத்து யன்னல்கள் சாத்தப்பட்டன. "இந்தக் குளிருக்குள்ள அவளையும் இழுத்துக்கொண்டு வந்திட்டீங்கள்" என்றாள் மனுசி.

போன வசந்தத்தில், ஏரியின் பனிக்கட்டி பாதி உருகியிருந்த ஒரு காலை. வெளியே பனிப்புகார் மூடி ஜெட்டியே தெரியவில்லை. ரசல் கோப்பியோடு இருந்தான். ஏரிப்பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "ரசல்!" முள்ளுக்கரண்டிகள் அப்படியே நின்றன. ரசலின் முகம் சாம்பலாயிற்று. "அவள்தான். ஒருத்தரும் போகாதேங்கோ" என்றான். உண்மையைச் சொன்னால் என் நாக்கும் எழும்பவில்லை. அந்த மீன்வெடுக்குக் கை வாயில் இருந்தது. இரண்டாம் தரம். யாரோ றேடியோவை அணைத்தார்கள். மூன்றாம் தரம்.

"ஓம்! வாறன்!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடினேன்.

ஜெட்டியின் நுனியில், நான் இறக்கிய கட்டையைக் கட்டிப்பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் ரசலின் மனைவி மார்லீன் கிடந்தாள். பலகையில் சறுக்கி விழுந்திருக்கிறாள். உதடு நீலம். குப்புறப் படுத்து, கோட்டுக் கழுத்தில் பிடித்து இழுத்தேன். இந்த வயதில்! அவள் மேலே வந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

ஆசுபத்திரிக்கு மனுசியோடு பார்க்கப் போனேன். "மூண்டு தரம் கூப்பிட்டது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நான் வந்திருக்கமாட்டன்" என்றேன். மார்லீன் என்னையே பார்த்தாள்.

"ஒருக்காத்தான் கூப்பிட்டனான், செல். பிறகு வாய்க்குள்ள தண்ணி. மூச்சே இல்லை."

மனுசி என் கையைப் பிடித்தாள். கடையிலிருந்த அத்தனை பேரும் மூன்று தரம் கேட்டோம். மூன்றும் ஒரே குரல்.

இப்போது ரசல் பாட்டில் கடைசியாக ஒரு சரணம் சேர்த்திருக்கிறான். அதில் நோர்மா மனமிரங்கி ஏரியிலிருந்து கூப்பிடுகிறாள். தண்ணீரில் விழுந்தவளின் புருசன் ஓடிப்போய்ப் பெண்சாதியைக் காப்பாற்றுகிறான். கதிரையில் கல்லாய்க் கிடந்தவன் பாட்டில் ஓடுகிறான்! சனம் கண்ணைத் துடைக்கிறது. நான் எங்கே என்று கேட்டேன். "உன்ர பேர் சந்தத்துக்குள்ள நிக்காது, செல்" என்கிறான்.

இதை ஊரில் வாசிக்கிறவர்களுக்கும், என்னைப்போல் எங்கெங்கோ கடை திறந்திருக்கிறவர்களுக்கும் எழுதுகிறேன். முகத்துவாரத்தில் ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட்டறியாதவள் அந்த ஏரியில் மார்லீனின் ஒரு குரலுக்குப் பிறகு ஏன் இரண்டு தரம் கூப்பிட்டாள்? அங்கே அவளுடைய கணக்கை வள்ளத்தில் இருந்து படித்தவன் நான் ஒருவன்தான். நான் எழும்பவேண்டும் என்றே எண்ணிக் கூப்பிட்டிருக்கிறாள். மைமலில் ஜெட்டியில் நிற்கும்போது காலடியில் கிடப்பது எந்தத் தண்ணீர் என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. எந்தக் கரையில் நின்று 'ஓம்' சொன்னேன் என்பதும்தான்.

ஆகவே ரசல், யாராவது இதை உனக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும். அந்த மீனவன்மேல் போட்ட கொலைப்பழியை எடு. நோர்மாவை வெட்டி நல்லம்மா என்று போடு. ஓடியவன் இலங்கைத்துறைச் செல்லத்துரை என்று முழுப்பெயரும் போடு. சந்தம் இடம் தராவிட்டால் சந்தத்தை மாற்று.