கிரேக்கக் கப்பலில் ஓர் அனுதாபச் சொல்

திருகோணமலையில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் நான் வாட்டர் கிளார்க்காக இருந்தேன். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு லோஞ்ச் படகில் போய், கப்டனுக்கு வேண்டியதைக் கவனிப்பது என் வேலை. எழுபதுகளில் ஒரு காலை, மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கிரேக்கக் கப்பலில் பாரம் தூக்கும் வின்ச்சின் வயர் அறுந்துவிட்டது என்று செய்தி வந்தது. கீழே நின்ற மாலுமி ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அவர் கப்டனின் சொந்தத் தம்பி.

மனேஜரும் நானும் கப்பலில் ஏறியபோது, வின்ச் ஓட்டிய எங்கள் தொழிலாளி மூதூர் காசிம் நானாவை மாலுமிகள் வளைத்து நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. எங்கள் தொழிலாளர்களும் மூட்டைகளை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார்கள்.

மனேஜர் நல்ல மனிதர். ‘சிம்பதி’ என்பது வெறும் உபசார வார்த்தை என்று நினைத்தாரோ என்னவோ, அப்போது புதிதாகப் புழங்கத் தொடங்கியிருந்த வேறொரு சொல்லை எடுத்தார்.

“கப்டன், உங்கள்மேல் எங்களுக்கு எம்பதி இருக்கிறது” என்றார் ஆங்கிலத்தில்.

கப்டனுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். “எம்பாதியா?” என்று கேட்டார்.

“ஓம், எம்பதி” என்றார் மனேஜர், இன்னும் அழுத்தி.

கப்டன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கம்பி வைத்திருந்தவன் காசிம் நானாவை நெருங்கினான்.

பக்கத்தில் நின்ற ரேடியோ ஒபிசருக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். “எங்கள் மொழியில் எம்பாதியா என்றால் வன்மம். வன்மத்தால்தான் கொன்றோம் என்கிறாரா?”

“இல்லை, இல்லை. ஆங்கிலத்தில் அது மற்றவனின் வேதனையைத் தன் வேதனையாக உணர்வது. சிம்பதி என்று மாற்றிச் சொல்லட்டுமா?”

“அதுவும் எங்கள் மொழியிலிருந்து போன சொல்தான், சரிவராது. சின் என்றால் சேர்ந்து, பாதொஸ் என்றால் வேதனை. சேர்ந்து வேதனைப்படுவது என்றுதான் அந்தச் சொல் பிறந்தது. ஆனால் இன்று ஒருவரைப் பிடித்திருக்கிறது என்பதற்கே அதைச் சொல்கிறோம். சாவுக்குச் சொல்வது சிலிபித்தீரியா. லீபி என்றால் துக்கம். உங்கள் துக்கத்தில் நாங்களும் சேர்ந்திருக்கிறோம் என்று பொருள். நான் அவருடைய ஆள், அது உங்கள் பக்கத்திலிருந்து வரவேண்டும். நீங்கள் சொல்லுங்கள்.”

நான் உரக்கச் சொன்னேன். “கப்டன், சிலிபித்தீரியா.”

கப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பிடி தளர்ந்தது.

“வின்ச் ஓட்டியது இவன்தானா?” என்று கேட்டார்.

பேசாமல் இருக்கும்படி மனேஜர் கண்ணைக் காட்டினார். காசிம் நானா அதைப் பார்த்தும் முன்னால் வந்தார்.

“தம்பி, அவரிட்ட சொல்லுங்க. நான்தான் ஓட்டினனான். பிறேக்கும் பிடிச்சனான். வயர் தாங்கல்ல.”

நான் மொழிபெயர்த்தேன். காசிம் நானா நெஞ்சில் கையை வைத்து, நான் சொன்ன சொல்லைத் தானும் சொல்லப் பார்த்தார். “சிலிபி...” அதற்குமேல் நா புரளவில்லை.

“...தீரியா” என்று கப்டனே முடித்துவைத்தார். அதோடு அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, அறுந்த வயரை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே துருப்பிடித்திருந்தது. “வயர் எங்களுடையது” என்று தன் ஆட்களிடம் கிரேக்கத்தில் சொன்னதாக ரேடியோ ஒபிசர் சொன்னார். மாலுமி கம்பியைக் கீழே வைத்தான். உடலை லோஞ்சுக்கு இறக்கியபோது தலைமாட்டைப் பிடித்தவர் காசிம் நானா.

துறைமுக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். துக்கம் விசாரிக்கப் போனால் உங்களிடம் இருக்கும் நல்ல சொல்லைத் தேடாதீர்கள். அந்த வீட்டில் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்.